செவந்தி கேட்ட மறுசோதனை

ஒரு காட்டில் வருஷா வருஷம் சைக்கிள் பந்தயம் நடக்கும். காட்டில் ஏது சைக்கிள் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மிருகம் பேசும் என்றால் தலையாட்டிக் கேட்கிறீர்கள், மிருகம் பெடல் மிதிக்கும் என்றால் மட்டும் உங்களுக்கு உதைக்கிறது. காட்டில் சைக்கிள் இருந்தது. அவரவர் காலுக்கு ஏற்ற அளவில் இருந்தது. மேலே போவோம்.

அந்தப் பந்தயத்தில் ஜெயித்தால் கோப்பையும் கிடையாது, மாலையும் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் காட்டில் வெயில் காலத்துக்கு மிஞ்சுவது ஒரே ஒரு குளம். சுற்றிலும் இலுப்பை மரங்கள் நிற்பதால் அதற்கு இலுப்பைக்குளம் என்று பேர். பந்தயத்தில் யார் எந்த வரிசையில் வந்து சேர்கிறார்களோ, அந்த வரிசையில்தான் அந்த வருஷம் முழுக்க அவர்கள் குடும்பம் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்கலாம். முதலில் வந்தவர் குடும்பத்துக்கு விடிந்ததும் கண்ணாடி மாதிரித் தண்ணீர். கடைசியில் வந்தவர் குடும்பத்துக்கு, மற்றவர்கள் எல்லாம் இறங்கி மிதித்துக் கலக்கிவிட்டுப் போன குழம்பு.

முதலில் வருவது எப்போதும் காட்டெருமை மகுடபதிதான். மலை உச்சியில் பந்தயம் முடியும். ஏற்றத்தில் அவன் தொடைக்கு முன்னால் நிற்க யாராலும் முடியாது. கடைசியில் வருவது எப்போதும் சருகுமான் செவந்திதான். மான் என்றதும் கொம்பும் துள்ளலும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். கால்கள் குச்சி குச்சியாக இருக்கும். கொம்பு கிடையாது. சருகு அசைந்தால் பயப்படும்.

செவந்திக்கு இரண்டு குட்டிகள். கடைசித் தண்ணீர் கொஞ்சம் புளிக்கும், கொஞ்சம் இனிக்கும். குட்டிகள் அதைக் குடித்துவிட்டு முதலில் காரணமே இல்லாமல் சிரிக்கும். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். பெரிய குட்டி ஒருநாள், "அம்மா, தண்ணின்னா அடி தெரியுமாமே, நிஜமா?" என்று கேட்டது. அன்றிலிருந்து செவந்திக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே ஒரு வருஷமாவது தன் குட்டிகள் அடி தெரியும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"வெறும் புல்லைத் தின்னா அந்தத் தொடை வருமா?" என்று அவள் போகிற இடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். "மகுடபதியண்ணன் என்னத்தையோ திங்கறாரு. சோதனை வெக்கணும்!"

"நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்றான் அவள் புருஷன் கோபாலு. அவனும் சருகுமான். காது மட்டும் கொஞ்சம் பெரிசு.

"என் வாய் சும்மா இருந்தா குட்டிங்க வயிறு சும்மா இருக்குமா?" என்றாள் செவந்தி.

கத்திக் கத்திச் சாதித்துவிட்டாள். காட்டுக்கு ஊக்கமருந்து சோதனை வந்தது.

சோதனை அதிகாரியாகச் செந்நாய் துரைக்கண்ணுவை நியமித்தார்கள். காரணம் மூக்கு. காட்டில் சிறுநீர் என்பது ஒளித்து வைக்கிற சமாச்சாரம் இல்லை. மரத்தடியிலும் பாறை ஓரத்திலும் அவரவர் விட்டுப்போவதை மோந்து பார்த்துத்தான் யார் வந்தார், யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குக் கல்யாண ஆசை வந்திருக்கிறது என்று எல்லாரும் தெரிந்துகொள்வார்கள். நமக்குப் பேப்பர் மாதிரி. துரைக்கண்ணு அந்தப் பேப்பரை மூலைச் செய்தி வரைக்கும் படிக்கக்கூடியவர்.

விதிகளைக் கொண்டுவந்தது ஒரு மைனா. ஊரில் ஏதோ ஒரு சைக்கிள் சங்கத்தின் ஜன்னல்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லா விதிகளையும் மனப்பாடம் செய்துவிட்டிருந்தது. அதற்கு அர்த்தம் தெரியாது. ஆனால் ஒரு சொல் விடாது. குளக்கரையில் எல்லாரையும் உட்காரவைத்து அது ஒப்பிக்க ஆரம்பித்தது.

"தடைசெய்யப்பட்டவை. காப்பிப்பழம். இலுப்பைப்பூ. சுற்றுலா வேனிலிருந்து வீசப்படும் எந்தப் பானமும்."

எல்லாரும் மகுடபதியைப் பார்த்தார்கள். மகுடபதி அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

"வீரரின் உடம்புக்குள் போகும் எதற்கும் வீரரே பொறுப்பு. எப்படிப் போனது, தெரிந்து போனதா, தெரியாமல் போனதா என்ற பேச்சுக்கு இடமில்லை."

"சபாஷ்!" என்றாள் செவந்தி.

"ஒவ்வொரு வீரரும் அன்றன்றைக்கு எங்கே இருப்பார், எங்கே படுப்பார் என்பதைச் சோதனை அதிகாரியிடம் தினமும் தெரிவிக்க வேண்டும். அதிகாரி எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி வருவார்."

முயல்கள் முள்ளம்பன்றியைப் பார்த்தன. முள்ளம்பன்றி மாரப்பன் தன் முள்ளைத் தானே தடவிக்கொண்டான். செந்நாயிடம் போய், இன்றைக்கு நான் இந்தப் புதரில் படுத்திருப்பேன் என்று சொல்வதா?

துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார். "பதவியில இருக்கற வரைக்கும் நான் கிழங்கு, பழம்தான். வீட்டுல சொல்லிட்டேன்."

"வீட்டுல என்ன சொன்னாங்க சார்?" என்று மாரப்பன் பணிவாகக் கேட்டான்.

"அழுதாங்க" என்றார் துரைக்கண்ணு.

யாரும் முன்னால் வரவில்லை. சோதனை அந்த இடத்திலேயே செத்துப்போயிருக்கும். செவந்திதான் எழுந்தாள். குச்சிக் கால்கள் நான்கும் தனித்தனியாக நடுங்கின. அவள் துரைக்கண்ணுவின் பல்லைப் பார்க்காமல் அவர் காதைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஈத்தங்காட்டு ஓரம், சாஞ்ச மரத்துக்குக் கீழ, சார். தலை கிழக்க பாத்துப் படுப்பேன்."

பிறகு வேறு வழி? சருகுமானே சொன்ன பிறகு பன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? ஒவ்வொருவராக வந்து படுக்கிற இடத்தைச் சொன்னார்கள். ஒவ்வொருவராக ஈரமண்ணில் கால் பதித்து, "முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று உறுதி சொன்னார்கள். மகுடபதியும் பதித்தான். அவன் குளம்புப் பள்ளத்தில் ஒரு தவளை தங்கிவிட்டது.

மைனா மட்டும் விடாமல் ஒப்பித்துக்கொண்டே இருந்தது. தண்டனைக்காலத்து விதிகள் வந்தபோது எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விதிகளின் கடைசிப் பக்கம் வரை விழித்திருப்பவர்கள் ஊரிலும் கிடையாது, காட்டிலும் கிடையாது.

அந்த வருஷம் இன்னொரு மாற்றமும் நடந்தது. மகுடபதியின் சொந்தக்காரர்கள் வந்து முறையிட்டார்கள். "ஜெயிச்ச பையன் மலை உச்சியில இருந்து குளத்துக்கு நடந்து வரணுமா? பந்தயம் குளக்கரையிலயே முடியட்டுமுங்க." சரி என்றார்கள். பந்தயம் இனி மலை ஏறி, வழுக்குப்பாறை இறக்கத்தில் இறங்கி, குளக்கரையில் முடியும். பாவம், தங்கள் பையனுக்குத்தான் குழி தோண்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

பந்தய நாள் வந்தது. ஏற்றத்தில் எல்லாம் வழக்கம்போல. மகுடபதி முன்னால், மிளா மான்கள் அவன் பின்னால், அதற்குப் பின்னால் பன்றி, முள்ளம்பன்றி, முயல், எல்லாருக்கும் பின்னால் செவந்தி. அவள் உச்சிக்கு வந்தபோது மற்றவர்கள் இறக்கத்தில் பாதி தூரம் போயிருந்தார்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். வழுக்குப்பாறையில் பிரேக் பிடிக்காமல் இறங்குவது என்றால் உயில் எழுதிவைத்துவிட்டு இறங்க வேண்டும். மகுடபதியின் பிரேக் தீய்ந்து நாறியது.

செவந்தி உச்சியில் நின்று கீழே பார்த்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சருகு அசைந்தால் நடுங்குகிற பிறவி அவள். இன்று நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு சிரிப்புதான் வந்தது. பிரேக்கிலிருந்து கையை எடுத்தாள். கை என்றால் முன்னங்கால், தெரிந்ததுதானே.

சைக்கிள் பறந்தது. முயலைத் தாண்டினாள். "வழி, வழி!" என்று மணியடித்துப் பன்றியைத் தாண்டினாள். காது இரண்டும் பின்னால் மடிந்து ஒட்டிக்கொண்டன. இத்தனை வருஷமாக நான் பயந்தாங்கொள்ளி என்று யார் சொன்னது, இதுதான் நான், இதுதான் நான் என்று அவளுக்குள் ஏதோ கூவியது. அவள் வாழ்க்கையிலேயே அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. கடைசி வளைவில் மகுடபதியின் வயிற்றுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தாள். குளக்கரைக் கோட்டைத் தாண்டி, நிற்க முடியாமல், நேராகக் குளத்துக்குள் போய் விழுந்தாள்.

சிறிசுகள் எல்லாம் ஆரவாரம் செய்தார்கள். குட்டிகள் ஓடிவந்து அவளைக் கரைக்கு இழுத்தன. "நாளைக்கு அடி தெரியுற தண்ணி!" என்றாள் செவந்தி, மூக்கில் சேறோடு.

"சோதனைக்கு வாங்க" என்றார் துரைக்கண்ணு.

வரிசை நின்றது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூங்கில் குழாய்கள். முதல் குழாய் சோதனைக்கு. இரண்டாவதைத் தேன்மெழுகு வைத்து அடைத்துவிடுவார்கள். முடிவில் சந்தேகம் இருந்தால் அதை உடைத்து மறுசோதனை செய்துகொள்ளலாம். அதிகாரி கண்முன்னால்தான் குழாயை நிரப்ப வேண்டும் என்று விதி. செந்நாய் கண்முன்னால் முயலுக்கு வராமல் எப்படி இருக்கும்? கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது. மாரப்பன்தான் திரும்பி நிற்கும்போது தன் முள்ளால் குழாயைக் குத்திக் குத்தி ஓட்டை போட்டுவிட்டான். அவனுக்கு மூன்றாவது தடவை குழாய் கொடுத்தார்கள்.

துரைக்கண்ணு முதலில் மகுடபதியின் குழாயை எடுத்தார்.

"புல்லு" என்றார். மறுபடி மோந்தார். "புல்லு. நேத்தைய புல்லு. அதுக்கு முந்தின நாள் புல்லு. சுத்தம்."

"தொடை?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

"அது அவங்கப்பாரு கொடுத்த தொடைங்க" என்றார் துரைக்கண்ணு.

மிளாக்களும் சுத்தம். மாரப்பனின் குழாய்க்கு வந்தபோது அவர் மூக்கு நின்றது. "வயித்துல பூச்சி இருக்கு. காலையில பொண்டாட்டியோட சண்டை. அப்புறம், இலுப்பைப்பூ."

"நான் திங்கலை சார்!" என்று மாரப்பன் குதித்தான். "அந்தப் பூச்சி தின்னிருக்கும். அதைப் புடிச்சுக் கேளுங்க!"

பன்றி, இலுப்பைப்பூ. முயல், இலுப்பைப்பூ. பெரியவர்கள் எல்லாரும் சுத்தம், சிறியவர்கள் எல்லாரும் குற்றவாளிகள். கடைசியில் செவந்தியின் குழாய். துரைக்கண்ணு கண்ணை மூடி மோந்தார். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவருக்கே கஷ்டமாக இருந்தது.

"இலுப்பைப்பூதான், அம்மணி. இருக்கறதுலயே உங்களுதுதான் ரொம்ப."

போதை ஏற்றும் அந்தப் பூவில் ஒன்றைக்கூடச் செவந்தி பிறந்ததிலிருந்து கடித்ததில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வழுக்குப்பாறையில் வராமல் போன பயம். நெஞ்சுக்குள் வந்த சிரிப்பு. அது அவள் இல்லை. பூ.

முதல் தண்ணீர் போனதைவிட இதுதான் அவளைக் குத்தியது.

"மறுசோதனை கேளு!" என்று கோபாலு அவள் காதில் கத்தினான். "ரெண்டாவது குழாயை உடைக்கச் சொல்லு!"

"ஒரே மூத்திரத்தை எத்தனை தடவை மோந்தாலும் ஒரே வாசம்தான் வரும்" என்றாள் செவந்தி.

"அது என்னோடது இல்லைன்னு சொல்லு!"

"சார் கண்ணு முன்னாலதான் போனேன்."

"அப்ப எப்படி உள்ள போச்சுன்னு தெரியாதுன்னு சொல்லு!"

"தெரியாதுதான். ஆனா அந்தப் பேச்சுக்கு இடமில்லைன்னு மைனா சொன்னப்ப சபாஷ் போட்டது யாரு?" செவந்தி துரைக்கண்ணுவின் முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை பல்லையே பார்த்தாள். "சோதனை வேணும்னு கேட்டவ நான். ஏத்துக்கறேன், சார்."

அவள் ஏற்றுக்கொண்ட பிறகு மற்ற சிறிசுகள் வாதாட வாய் ஏது? எல்லாருக்கும் அடுத்த பந்தயம் வரை தடை. தடைபட்டவர்கள் எல்லாரும் வரிசையில் கடைசி. மகுடபதிக்கு மறுபடி முதல் தண்ணீர். முயல்கள் செவந்தியோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. மாரப்பன் அவள் வழியில் வந்தால் முள்ளை விரித்துக்கொண்டு நின்றான். கோபாலு வீட்டிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். குட்டிகள் குளக்கரையில் போய் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பெரியவர்கள் குடித்து முடித்தார்கள். குளம் குழம்பாகிவிட்டது. சிறிசுகள் வழக்கம்போல இறங்கி வாய் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து, செவந்தி சொன்ன இடத்தில்தான் இருக்கிறாளா என்று பார்க்க துரைக்கண்ணு வந்தார். வந்தவர் மூக்கு சட்டென்று தூக்கிக்கொண்டது.

"வாயை எடுங்க! எல்லாரும் வாயை எடுங்க!"

அவர் குளத்துக்குள் இறங்கி மோந்தார். சேற்றைக் கிளறி மோந்தார். மரத்திலிருந்து உதிர்ந்த பூவெல்லாம் குளத்தின் அடியில் போய் வருஷக்கணக்காக ஊறிக் கிடந்தது. மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. பெரியவர்கள் இறங்கி மிதித்தால் அடியில் இருப்பதெல்லாம் மேலே வரும். முதலில் குடித்தவர்களுக்குத் தண்ணீர். கடைசியில் குடித்தவர்களுக்குச் சாராயம்.

"அப்படின்னா நாங்க குத்தவாளி இல்லை!" என்று மாரப்பன் துள்ளினான்.

"அதெல்லாம் இல்லை" என்றார் துரைக்கண்ணு. "உங்க வாயி, உங்க பொறுப்பு. தடை தடைதான். ஆனா..." அவர் மைனாவைக் கூப்பிட்டார். "அந்தக் கடைசி விதிகளைச் சொல்லு."

மைனா சந்தோஷமாக ஒப்பித்தது. அந்தப் பகுதியை அதனிடம் கேட்பவர் யாரும் இதுவரை இருந்ததில்லை. "தடைக்காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் குற்றவாளியின் வாயில் படாமல் பார்த்துக்கொள்வது சோதனை அதிகாரியின் கடமை. தவறினால் அதிகாரியின் பதவி போகும்."

துரைக்கண்ணுவுக்கு வியர்த்தது. பதவிக்காகக் கறியை விட்டவர் அவர்.

"அப்ப நாங்க எங்கதான் சார் தண்ணி குடிக்கறது?" என்றாள் செவந்தி. அவள் தந்திரமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தாகமாக இருந்தது.

அவர் குளத்தைப் பார்த்தார். யோசித்தார். பூ மேலே வராத நேரம் ஒன்றுதான் உண்டு. "நாளையில இருந்து விடியறப்ப, வேற யாரும் இறங்கறதுக்கு முன்னால, குத்தவாளிங்க எல்லாரும் குடும்பத்தோட என் பின்னால வந்து குடிக்கணும். வரலைன்னா தடை இன்னும் ஒரு வருஷம் நீளும்."

மகுடபதி பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். "என்னங்க அநியாயம்! ஜெயிச்சவன் நான்! சுத்தமானவன் நான்!"

"அதனாலதாங்க" என்றார் துரைக்கண்ணு பொறுமையாக. "சுத்தமா இருக்கறவருக்குக் காவல் எதுக்கு? குத்தவாளியைத்தான் கண்ணுல வெச்சுப் பாத்துக்கணும். நீங்களும் கால் பதிச்சிருக்கீங்க."

மறுநாள் விடிந்தபோது சிறிசுகள் குளக்கரையில் நின்றார்கள். தண்ணீரில் ஒரு சுருக்கமும் இல்லை. அடியில் கூழாங்கல் தெரிந்தது. செவந்தியின் பெரிய குட்டி குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, உள்ள ஒரு குட்டி இருக்கு" என்றது. "அது நீதான் கண்ணு" என்றாள் செவந்தி. முயல்கள் அவளோடு பேச ஆரம்பித்தன. மாரப்பன் முள்ளை மடக்கிக்கொண்டு, "மன்னிச்சுக்க அக்கா" என்றான். பன்றிகள் குடித்ததோடு நிற்குமா? இறங்கிப் புரண்டன. அதன் பிறகு மகுடபதியின் முறை வந்தபோது குளத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு வருஷம் போனது. செவந்தியின் குட்டிகள் பளபளவென்று ஆகிவிட்டன. மகுடபதியின் கன்றுக்குட்டிகள் காரணமே இல்லாமல் சிரித்தன, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதன. மகுடபதி வெயிலில் நின்றுகொண்டு பாட ஆரம்பித்தான். குரல் மட்டமில்லை என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த பந்தயம் நெருங்க நெருங்க துரைக்கண்ணுவின் குகைக்கு முன்னால் ஒரு வரிசை நிற்க ஆரம்பித்தது. தடை முடியப்போகிறது. தடை முடிந்தால் முதல் தண்ணீரும் முடியும். யாருக்கு நிரபராதியாக இருக்க மனசு வரும்?

"நான் இலுப்பைப்பூ தின்னேன் சார்" என்றான் மாரப்பன், வரிசையில் முதலில் நின்றுகொண்டு. "கூடை கூடையா. என்னைத் தடை பண்ணுங்க."

துரைக்கண்ணு மோந்தார். "பொய். நீ சுத்தம். போ."

"காப்பிப்பழமும் தின்னேன் சார்!"

"போடா. அடுத்த ஆளு!"

முயல்கள் தாங்கள் செய்யாத குற்றங்களையெல்லாம் கண்ணீரோடு ஒப்புக்கொண்டன. ஒரு பன்றி சுற்றுலா வேனையே தின்றுவிட்டதாகச் சொன்னது. பூவை நிஜமாகவே தின்றுவிடலாம் என்று மரத்தடிக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். துரைக்கண்ணு ஒவ்வொரு இலுப்பை மரத்துக்கும் தன் சொந்தக்காரச் செந்நாய் ஒன்றைக் காவல் வைத்திருந்தார். அந்தச் சொந்தக்காரர்கள் பதவியில் இல்லை, கிழங்கும் தின்பதில்லை.

செவந்தி மட்டும் அந்த வரிசையில் நிற்கவில்லை. கோபாலு திட்டிப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான்.

"நான் சுத்தமா ஒரு தடவை அந்த உச்சியில நிக்கணும்" என்றாள் அவள். "அந்தத் தைரியத்துல என்னோடது கொஞ்சமாவது இருந்துச்சா, எல்லாமே பூவோடதுதானான்னு எனக்குத் தெரியணும்."

பந்தய நாள் அவள் உச்சியில் நின்று கீழே பார்த்தாள். உடனே தெரிந்துவிட்டது. எல்லாமே பூவோடதுதான். வழுக்குப்பாறை எமன் நாக்கை நீட்டியது மாதிரி கிடந்தது. அவள் இரண்டு பிரேக்கையும் பிடித்து, காலையும் ஊன்றி, கண்ணையும் பாதி மூடிக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கினாள். வழியில் ஒரு நத்தை அவளைக் குசலம் விசாரித்துவிட்டு முன்னால் போனது. அது பந்தயத்தில்கூட இல்லை.

மகுடபதி என்ன செய்தான் தெரியுமா? பிரேக்கே பிடிக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான். முன்சக்கரத்தைத் தூக்கினான். குளக்கரைக் கோட்டைத் தாண்டி, செவந்தி போன வருஷம் விழுந்த அதே இடத்தில் விழுந்தான். குளத்தில் பாதித் தண்ணீர் வெளியே வந்துவிட்டது.

செவந்தி கடைசியாக வந்து சேர்ந்தபோது சோதனை நடந்துகொண்டிருந்தது.

"இலுப்பைப்பூ" என்றார் துரைக்கண்ணு, மகுடபதியின் குழாயைப் பிடித்துக்கொண்டு. "ஒரு தோப்பே இருக்கு. முடிவை ஏத்துக்கறீங்களா?"

மகுடபதி தன் குலப்பெருமை முழுக்க நெஞ்சில் நிறைத்துக்கொண்டு மறுக்க வாயைத் திறந்தான். வாய் திறந்தபடியே அவன் கண் குளத்தின் பக்கம் போனது. விடியற்காலையின் அடி தெரியும் தண்ணீர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் தடாலென்று துரைக்கண்ணுவின் காலில் விழுந்தான்.

"ஏத்துக்கறேங்க! முழு மனசோட ஏத்துக்கறேங்க! நான் மகா பாவிங்க!"

அவன் சொந்தக்காரர்கள் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தனையும் ஆனந்தக் கண்ணீர். கன்றுக்குட்டிகள் வாலைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஓடின.

மிளாக்களிடமும் இலுப்பைப்பூ. சிறிசுகள் ஒவ்வொருவராகச் சுத்தம் என்று அறிவிக்கப்பட்டார்கள். முயல் தலையில் அடித்துக்கொண்டது. மாரப்பன் மட்டும் தப்பித்தான். சுத்தமானவர்களில் அவன் முன்னால் வந்திருந்ததால் வெற்றி அவனுக்கே போனது. குற்றவாளிகளுக்கு அடுத்ததாக அவன் குடும்பம் குடிக்கலாம். பிறகு மற்றவர்கள், வந்த வரிசையில். எல்லாருக்கும் கடைசியில் வந்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

துரைக்கண்ணு செவந்தியின் குழாயை எடுத்து மோந்தார். அவர் முகம் மலர்ந்தது. ஒரு வருஷம் விடியற்காலையில் எழுந்து காவல் காத்ததன் பலன் அல்லவா?

"அருகம்புல்லு, விழுந்த நெல்லிக்கா, தண்ணி" என்றார். "இவ்வளவு சுத்தமான மூத்திரத்தை என் சர்வீஸ்ல நான் மோந்ததே இல்லை, அம்மணி."

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து செவந்தியின் முதுகைத் தடவினார்கள். "பரவாயில்லை, மனசை விட்டுடாதே" என்றார்கள். கோபாலு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சோதனைன்னா இப்படி ஏத்துக்கணும்னு போன வருஷம் காட்டுக்கே சொல்லிக் கொடுத்தவங்க நீங்க" என்றார் துரைக்கண்ணு குரலை உயர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "முடிவை ஏத்துக்கறீங்களா?"

செவந்தி குளத்தைப் பார்த்தாள். மகுடபதி விழுந்து கலக்கியதில் அது இப்போதே குழம்பாகிக் கிடந்தது. கரையில் அவளுடைய இரண்டு குட்டிகளும் குனிந்து, உள்ளே இருக்கும் குட்டியைத் தேடிக்கொண்டிருந்தன. காணோம் என்று இரண்டும் ஒன்றாக நிமிர்ந்து அவளைப் பார்த்தன.

"ஏத்துக்க மாட்டேன்" என்றாள் செவந்தி.

மைனாகூட வாயை மூடிக்கொண்டது.

"என்னங்க?"

"ஏத்துக்கவே மாட்டேன்! இது அநியாயம்! ரெண்டாவது குழாயை உடைங்க!" அவள் குச்சிக் கால்கள் நான்கும் ஒரு துளியும் நடுங்கவில்லை. செந்நாயின் மூக்குக்கு நேராகக் குழாயைத் தூக்கிப் பிடித்தாள். "அவசரப்படாம நல்லா மோந்து பாருங்க சார். அடியில எங்கயாவது ஒரு இதழாவது கிடக்கும்."

நீதி: உன்னைக் குற்றவாளி என்று சொன்னால் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள். நிரபராதி என்று சொன்னால் மட்டும் லேசில் விடாதே, கடைசிக் குழாய் வரை போராடு.